பெயர் கூப்பிடாத பிள்ளை

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் சார்பில் ஆற்றிய உரை)



மேடையில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். எண்ணி வந்ததில் பாதியைத்தான் பேச முடிந்தது. மலர்க்குழுவினர் எழுதிக் கேட்டபோது விட்டுப்போனதையும் சேர்த்துவிட்டேன். ஆகையால் விழாவுக்கு வந்தவர்கள், "இதையெல்லாம் நீங்க பேசலையே" என்று என்னைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வராதவர்கள் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

நான் பேச்சாளர் அல்ல. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். இருபது வருடமாகச் செராஸ்வாசிகள். மூத்தவள் பாப்பா, இப்போது மூன்றாம் படிவம். இளையவன் தம்பி, இந்தப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பாராட்ட இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளை என்றால் ஐந்தாறு பேர் மேலே ஏறுவார்கள். மற்றப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கைதட்ட வந்தவர்கள். நான் அவர்களோடு பேசத்தான் வந்தேன்.

2022-ஆம் ஆண்டு நடந்த பரிசளிப்பு விழா என் கண்ணை விட்டுப் போகவில்லை. பாப்பா அப்போது ஆறாம் ஆண்டு. மூன்று முறை பெயர் கூப்பிட்டார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நாற்காலி மேலேயே ஏறி நின்றேன். தம்பி இரண்டாம் ஆண்டு. நாலாவது வரிசையில் உட்கார்ந்து மேலே சுற்றும் காற்றாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, "அம்மா, மொத்தம் எட்டு. ஒண்ணு மட்டும் மெதுவா சுத்துது" என்றான். "சும்மா இருடா, அக்கா பேரைக் கூப்பிடறாங்க" என்று அதட்டி அனுப்பினேன்.

அன்று ராத்திரி பாப்பா பரிசுகளைப் பிரித்தாள். ஓர் அகராதி, ஒரு மேசைக் கடிகாரம், ஒரு தண்ணீர்ப் போத்தல். கீழே விழுந்த பளபளப்புத் தாளையெல்லாம் தம்பி பொறுக்கி எடுத்துக்கொண்டான். விளையாடத்தான் எடுக்கிறான் என்று விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பொட்டலம். தன்னுடைய பழைய எழுத்துப் பயிற்சி நோட்டையே அந்தத் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெயர் எழுதியிருந்தான். அவன் பெயர்தான். அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஒரு கொம்பு இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லாமல் மறுபக்கம் நின்றது.

பிரித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் நாலாக மடித்துக் கிடந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை, என் சம்மதம் கேட்டு அனுப்பிய கடிதம். கையெழுத்துப் போடாமல் நான்தான் அதை மடித்து வைத்திருந்தேன்.

ஏன் போடவில்லை? சொல்கிறேன். பெமுலிஹான் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்த வகுப்பை எங்கள் அடுக்குமாடியில் 'மண்டு கிளாஸ்' என்பார்கள். பாப்பாவுடைய தம்பி மண்டு கிளாசுக்குப் போகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். உண்மையில் அந்த வகுப்பு என்ன? ஒன்றிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை, வாசிக்க எழுத எண்ணத் தடுமாறும் பிள்ளைகளைச் சில பாட நேரங்களுக்கு மட்டும் தனியே அழைத்து, அதற்கென்று நியமித்த ஆசிரியர் சிறு குழுவாக வைத்துச் சொல்லிக் கொடுப்பது. தேறியதும் பிள்ளை தன் வகுப்பிலேயே முழு நேரமும் இருப்பான். ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்! வெளியே இதற்கு டியூசன் மையம் எவ்வளவு கேட்கும் தெரியுமா? அரசாங்கம் சும்மா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் மாதம் 120 வெள்ளி கட்டி நாற்பது பிள்ளைகள் நெருக்கி உட்காரும் ஓர் இடத்துக்கு அவனை அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே அவன் கற்றது பின்வரிசையில் சத்தமில்லாமல் தூங்குவது.

"தாயாச்சே, உங்களுக்கே தெரியாமலா போச்சு?" என்று கேட்பீர்கள். தெரியவில்லை. 2021-ல் அவன் முதலாம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டில் பள்ளி பல மாதம் மூடிக்கிடந்தது. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று கைப்பேசியில் பாடம். வீட்டில் இருந்ததோ ஒரு கைப்பேசி, பாப்பா பாதி நாள், இவன் பாதி நாள். எழுத்து வரவில்லையா, கொரோனா. கவனம் இல்லையா, கொரோனா. எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டோம். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகள் பலர் பின்தங்கித்தான் தொடங்கினார்கள். ஆனால் மற்றவர்கள் ஓர் ஆண்டில் எட்டிப் பிடித்துவிட, இவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

இன்னொன்று, தம்பி நன்றாக 'வாசிப்பான்'. பாடப் புத்தகத்தை எடுத்து வைத்தால் கடகடவென்று ஒப்பிப்பான். ஒரு நாள் படத்தின்மேல் தற்செயலாக என் கை பட்டு மறைத்தது. நின்றுவிட்டான். கையை எடுத்தேன், ஓடினான். சந்தேகம் வந்து, பக்கத்தைத் திருப்பி, படமில்லாத தாளில் அதே வரியை எழுதிக் காட்டினேன். ஒரு சொல்கூட வரவில்லை. அக்கா வாசிப்பதைக் கேட்டு முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்! ஆறேழு வயதுப் பிள்ளை ஒரு புத்தகத்தையே காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்துகிறது என்றால் அதற்கு எவ்வளவு மூளை வேண்டும்? அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. "என்னையே ஏமாத்தறியா?" என்று மரக் கோலை எடுத்தேன். அடியாத மாடு படியாது என்று வளர்ந்த பரம்பரை நாம். மாட்டுக்குச் சொன்னதை மனிதப் பிள்ளைக்கு யார் மாற்றி வைத்தார்களோ!

வாசகர்களே, உங்களில் முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை உள்ளவர்கள் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். படத்தை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தில் வந்த சொற்களையே வரிசை மாற்றித் தாளில் எழுதிக் கேளுங்கள். கோல் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம்.

நம் பிள்ளை முதலாம் ஆண்டில் எத்தனை எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறது என்று கணக்குப் பார்த்ததுண்டா? உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, உயிர்மெய் 216, ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் தனி. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் 26 எழுத்து, பெரியது சிறியது என்று 52 வடிவம். அந்த எழுத்துகளும் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. 'சி' என்ற எழுத்து மலாயில் எப்போதும் 'ச்ச' தான். ஆங்கிலத்தில் பூனைக்கு வந்தால் 'க', நகரத்துக்கு வந்தால் 'ஸ'. ஆறு முடிந்து ஏழு நடக்கும் பிள்ளை இந்த மூன்றையும் ஒரே காலைப்பொழுதில், மணி அடிக்க அடிக்க மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்?

தமிழ் எழுத்து ஒழுங்கானது, ஒருமுறை பிடிபட்டால் தவறாது என்பது உண்மைதான். பிடிபடும் வரைதான் சங்கடம். 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் க் ஒலிக்கிறது, பிறகு எ. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ' என்றால் ஒலிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ந, ன, ண மூன்றும் காதுக்கு அண்ணன் தம்பி. ல, ள, ழ கேட்கவே வேண்டாம். வீட்டில் "வந்துச்சு" என்கிறோம், புத்தகத்தில் "வந்தது" என்று இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டிப் போய்விடுகின்றன. சில பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலி.

என் அம்மா இன்றும் 'லை' எழுதினால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துத்தான் எழுதுவார். பெரியார் 1935 முதல் தம் குடி அரசு ஏட்டில் எளிய வடிவங்களைப் பயன்படுத்தினார். 1978-ல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது. பிறகு இங்கும் அதுவே வழக்கமானது. கற்பவருக்குச் சுமையாக இருக்கிறதென்று எழுத்தின் உருவத்தையே மாற்றத் துணிந்தவர்கள் நாம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கும் வேகத்தை மாற்றச் சொன்னால் நமக்கு மானம் போகிறது!

தம்பிக்கு மலாய் முதலில் வந்தது. எழுத்துக் குறைவு, சொல்வதுபோலவே எழுதுவது, அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது. இதைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். "பேசாம தேசியப் பள்ளிக்கு மாத்திடு, தமிழ்தான் பையனைக் குழப்புது." நானும் கிட்டத்தட்ட இணங்கிவிட்டேன். இன்று யோசித்தால், மாற்றியிருந்தால் அவன் சிரமம் கொஞ்ச நாள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும், அவ்வளவுதான். பெரிய பத்திகளை வாசிக்கவேண்டிய வயதில் அங்கேயும் முளைத்திருக்கும். வீட்டில் பேசும் மொழியின் எழுத்தும் கையில் இருந்திருக்காது.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். அந்த ஆசிரியை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "முதல்ல காதையும் கண்ணையும் பார்த்துட்டு வாங்கம்மா" என்றார். இது எனக்குப் புதிதாக இருந்தது. சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்குக் காதின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொண்டு வாரக்கணக்கில் செவி மந்தமாக இருக்கலாமாம். வலிக்காது, பிள்ளையும் சொல்லாது. கூப்பிட்டால் திரும்பும், ஆனால் சொல்லின் கடைசி ஒலிகள் காதில் விழாது. கண்ணும் அப்படித்தான். எல்லாருக்கும் கரும்பலகை இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு சோதித்துத் தாள் கொடுத்தால் அதைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த நீலம் அல்லது இளஞ்சிவப்புச் சுகாதாரப் புத்தகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று டாக்டர்கள் கேட்கும்போது நம் ஞாபகத்தைவிட அது நம்பகமானது.

தம்பிக்குக் காது சரி. கண்ணில் லேசான பவர். கண்ணாடி போட்டும் எழுத்து வரவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். முறை வர மூன்று மாதம் ஆனது. சீன டாக்டரம்மா ஒருவர். அவனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், கதை சொல்லிக் கேள்வி கேட்டார், எழுதச் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, "குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்று நான் உடனே சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "சாயா புன் சாமா, டோக்டர்" என்றார். நானும் அப்படித்தான், டாக்டர்.

அப்போது கல்யாணமாகிப் பதினைந்து வருடம். வீட்டுப் பாரம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்புவேன். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன், சண்டையும் போட்டிருக்கிறேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து காஜாங் வரை ஒரு சந்து விடாமல் தெரிந்தவர், பலகையின் நிறத்தையும் கடையின் உருவத்தையும் அடையாளம் வைத்தே ஓட்டியிருக்கிறார். லைசன்ஸ் சோதனைக்கான புத்தகத்தை ஒரு கூட்டாளி வாசித்துக் காட்ட, கேட்டே மனப்பாடம் செய்தாராம். தோட்டத்தில் படித்த காலத்தில் பெஞ்சுமேல் நின்றதையும், மூன்றாம் ஆண்டிலேயே 'இது தேறாது' என்று ஒதுக்கிவிட்டதையும் திரும்பி வரும் வழியில் லோரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டில் தம்பியை அதிகம் அடித்தவரும் அவர்தான். "நம்மள மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான் அடிச்சேன்" என்றார். தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

டிஸ்லெக்சியா என்று பெயர் சொன்னார்கள். புதிய நோய் என்று நினைக்காதீர்கள், நோயே அல்ல. 1887-லேயே பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்தச் சொல்லை வைத்துவிட்டார். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், கணக்கில் விருப்பம், ஆனால் வாசிக்க வரவில்லை. தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறிப்போகும், மாறியது அவனுக்குத் தெரியாது. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொட்டலத்தின்மேல் இருந்த பெயர்தான் ஞாபகம் வந்தது. பரம்பரையில் வரக்கூடியது, அறிவுக்குறைவு அல்ல, முறையாகச் சொல்லிக் கொடுத்தால் வாசிக்க வைக்கலாம், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. டாக்டரம்மா சொன்னதின் சாரம் இதுதான். எட்டு மாதம் மடித்து வைத்த கடிதத்துக்கு என்ன விலை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கும் எழுத்து ஏறாது. வீட்டில் சண்டை நடந்தாலும் ஏறாது. நாமே பெயர் சூட்டிவிடக் கூடாது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

அடுத்து ஓ.கே.யூ. கார்டு. சமூக நல இலாகாவில் பதிவு செய்யலாம் என்றதும் வீட்டில் புயல். "கார்டு எடுத்தா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் மாமியார். எட்டு வயதுப் பையனுக்குப் பெண் தேட அவருக்கு அவ்வளவு அவசரம்! ஆனால் சிரித்துத் தள்ளவும் முடியவில்லை. அவர் பயம் என் மனத்திலும் இருந்தது. ஓர் ஆண்டு இழுத்தோம். கடைசியில் 2024-ல் என் வீட்டுக்காரர்தான் முடிவு செய்தார். "எனக்கு அப்ப ஒரு கார்டு இருந்திருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருக்க மாட்டாங்க" என்றார். மாமியார் அதற்கு மேல் பேசவில்லை.

அது கட்டாயமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மருத்துவர் உறுதி செய்தபின் பெற்றோர் விரும்பிச் செய்யும் பதிவு அது. கற்றல் சிரமம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி இத்தகைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர், முறையையும் நேரத்தையும் பாட ஒழுங்கையும் பொருள்களையும் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள இடம் உண்டு. 2019 முதல், எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. நம் பிள்ளைக்கு இன்னது வேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது.

தம்பி பொது வகுப்பிலேயே இருக்கிறான். சோதனையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். மற்றதெல்லாம் வீட்டு வேலைதான். என்ன செய்தோம் என்று பலர் கேட்டதால் சொல்கிறேன். தட்டில் ரவையைப் பரப்பி, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒன்றாக வேலை செய்யும். 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் இந்த வழியை வகுத்தார்கள் என்று அந்த ஆசிரியை சொன்னார். என் அம்மாவிடம் சொன்னேன். "எங்க தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதான் எழுதினாரு, இதுக்கு அமெரிக்கா போகணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரம் உட்கார வைத்த நாளெல்லாம் அழுகையில்தான் முடிந்தது, யார் அழுதது என்று கேட்காதீர்கள். ன பிடிபடும் முன் ண பக்கமே போகவில்லை. கொம்பு எழுத்துகளுக்கு மட்டும் ஆறு வாரம் எடுத்தோம். அறிவியல் பாடத்தைப் பாப்பா வாசித்துக் காட்டுவாள், அவன் வாயால் பதில் சொல்வான். எழுத்து மெதுவாக வருகிறது என்பதற்காக அறிவும் காத்திருக்க வேண்டுமா? புதன்கிழமை தாமான் கோனாட் இரவுச் சந்தைக்குப் போனால் விலைப்பலகை வாசிப்பது அவன் பொறுப்பு. அப்பாவும் சேர்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ரவைத் தட்டில் இரண்டு விரல்கள் எழுதும். இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்டேன். எழுது, வெட்கப்பட என்ன இருக்கு என்றார்.

ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வேகத்தில் கற்பிப்பது பணக்காரப் பள்ளிக்குத்தான் முடியும் என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் என் சித்தி மகள் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக வகுத்த முறையைப் பார்த்து வந்து செய்தது. பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக்கி, சுவரில் ஏணிப்படி வரைந்து மாட்டிவிடுவார்களாம். எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறும். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுதும் பரவியது. எல்லாம் சர்க்கரைப் பொங்கல் என்று அவள் சொல்லவில்லை, அட்டைகளைப் பராமரிப்பதற்குள் உயிர் போய்விடும் என்பாள். அந்தப் பழைய வடிவம் பிறகு மாறியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். அரும்பைப் பார்த்து யாரும் மண்டு என்று சொல்ல முடியாது பாருங்கள்.

நம் நாட்டிலும் காற்று மாறித்தான் இருக்கிறது. 2019-ல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை எடுத்துவிட்டார்கள். 1988 முதல் நம் வீடுகளை ஆட்டிப் படைத்த யு.பி.எஸ்.ஆர். 2021-ல் ஒழிந்தது. வகுப்புசார் மதிப்பீடு என்று ஒன்றிலிருந்து ஆறு வரை நிலை போடுகிறார்கள். பிள்ளை எதைச் செய்ய முடிகிறது என்று காட்டத்தான் அந்த எண். நாம் என்ன செய்கிறோம்? அறிக்கை கைக்கு வந்ததும், "உங்க பையன் எத்தனை? அஞ்சா? எங்களுது மூணுதான்" என்று வாசலிலேயே ஏலம் போடுகிறோம். ஆறு எண்ணைக் கொடுத்தாலும் அதில் ஒரு ரேங்க் கண்டுபிடிக்கும் திறமை நமக்கு உண்டு.

பரிசு வாங்கும் பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு சொல். பாப்பாவுக்குச் சோதனைக்கு முதல் நாள் வயிறு வலிக்கும். ஆண்டுக்கணக்கில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டுக் குளியலறையில் அழுததை ஒரு நாள் கேட்டபிறகுதான் வலி வயிற்றில் இல்லை என்று புரிந்தது. தம்பிக்குத் தேவை நேரம். அவளுக்குத் தேவை, தொண்ணூற்றெட்டைப் பார்த்துவிட்டு மீதி இரண்டைக் கேட்காத அம்மா. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கே ஒரே மருந்து சரிப்படவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் ஏழெட்டுப் பெற்றோர் கூடுகிறோம். குறைநீக்கல் ஆசிரியையும் முடிந்தபோது வருவார். கையெழுத்துப் போடாத கடிதம் யார் வீட்டிலாவது மடித்துக் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். தேத்தண்ணி நாங்கள் வாங்கித் தருகிறோம்.

இந்த ஆண்டும் தம்பி பெயரை மேடையில் கூப்பிடவில்லை. ஆனால் விழாவுக்கு முந்திய நாள் மதியம் முழுதும் அவன் பள்ளி நூலகத்தில் இருந்தான். பரிசுகளைத் தாளில் சுற்றும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் அவனாம். சுற்றியது மட்டுமில்லை, பட்டியலைப் பார்த்துப் பெயர்களையும் அவனே எழுதியிருக்கிறான், இருபத்தேழு பெயர்கள். உங்கள் பிள்ளை கொண்டுவந்த பொட்டலத்தின்மேல் ஒரு 'ண' இருக்கவேண்டிய இடத்தில் 'ன' இருந்தால், அது அவன் எழுதியது.